பழைய ஸ்போர்ட்ஸ் கார்: காலனுக்கு எத்தனை மைல்?

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. ஸ்கூட்டர் வாங்குகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வண்டியின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். பெட்ரோலின் விலையை, வண்டி இருக்கும் வரை கொடுக்கிறோம்.

கேள்வி ஒன்று. ஆனால், அதற்குக் கிடைக்கும் பதில்கள் பல. கம்பெனி ஒரு கணக்கு சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் வேறு கணக்கு சொல்வார். மெக்கானிக் சொல்வது மூன்றாவது கணக்கு. இவற்றில் எது உண்மை?

இதற்கு விடை தேட, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்பது வேகத்துக்காகச் செய்த கார். பெரும்பாலும் இரண்டு பேர்தான் உட்காரலாம். தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். பலவற்றில் மேல் கூரையைக் கழற்றிவிடலாம்.

இப்படிப்பட்ட கார், பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் என்பது பலருடைய எண்ணம். அது உண்மையா? பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

டிராக்டரின் தம்பி

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்று ஒரு நகரம் உண்டு. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. அந்தக் கம்பெனி 1953-ல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் டிரையம்ப் டி.ஆர்.2.

அந்தக் காருக்காகப் புதிதாக என்ஜின் செய்யவில்லை. கம்பெனி தன்னிடம் இருந்த என்ஜினையே எடுத்துக்கொண்டது. ஸ்டாண்டர்டு வான்கார்டு என்ற குடும்பக் காரில் இருந்த என்ஜின் அது. அதே இனத்து என்ஜின்தான் பெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. வயலில் ஏர் இழுத்த என்ஜினும், சாலையில் சீறிய என்ஜினும் அண்ணன் தம்பிகள்!

டி.ஆர்.2-ன் என்ஜின் 1,991 சி.சி. அளவு. 90 குதிரைச் சக்தி. மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடியது.

"தி மோட்டார்" என்ற ஆங்கிலப் பத்திரிகை, 1954-ல் இந்தக் காரைச் சாலையில் ஓட்டிச் சோதித்தது. காலனுக்கு 34 மைலுக்கு மேல் கிடைத்தது. நம் கணக்கில் சொன்னால், லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 100 மைல் வேகக் காருக்கு இது சிறிய சாதனை அல்ல.

சென்னைக்கு உறவு

அதே கம்பெனி 1962-ல் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் பெயர் டிரையம்ப் ஸ்பிட்பயர். முதலில் வந்த ஸ்பிட்பயரின் என்ஜின் 1,147 சி.சி.தான்.

இந்தக் காருக்கும் சென்னைக்கும் உறவு உண்டு. எப்படி?

ஸ்பிட்பயரை, டிரையம்ப் ஹெரால்டு என்ற குடும்பக் காரின் அடிப்படையில்தான் செய்தார்கள். அந்த ஹெரால்டு, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரானது. 1960-களில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய ஹெரால்டு, சீமையில் ஓடிய ஸ்பிட்பயருக்கு அண்ணன். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் ஒருவரே. இத்தாலி நாட்டின் ஜியோவன்னி மிக்கெலாட்டி அவர்.

நன்றாகப் பராமரித்த ஸ்பிட்பயர், நிதானமாக ஓட்டினால் காலனுக்கு 30 மைலைத் தாண்டும். சின்ன என்ஜின், குறைந்த எடை. வேறு இரகசியம் எதுவும் இல்லை.

ஜாகுவாரின் பசி

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம்.

1961 மார்ச் மாதம், ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் ஈ-டைப் கார் வெளியானது. உலகத்தின் மிக அழகான கார்களில் ஒன்று என்று இன்றும் போற்றப்படுகிறது. என்ஜின் 3,781 சி.சி. 265 குதிரைச் சக்தி. வேகம் மணிக்கு ஏறக்குறைய 150 மைல் என்றார்கள்.

பசியும் அதற்கு ஏற்றபடிதான். காலனுக்கு 20 மைல் அளவில் கிடைத்தால் பெரிது. அதாவது லிட்டருக்கு 7 கிலோமீட்டர். விரட்டி ஓட்டினால் அதுவும் கிடைக்காது. அதன் டாங்க் 14 காலன் கொள்ளும். 280 மைலில் டாங்க் காலி.

இதையும் மிஞ்சிய கார் ஜென்சன் இன்டர்செப்டர். பிந்திய மாடல்களில் 7.2 லிட்டர் அமெரிக்க என்ஜினைப் பொருத்தினார்கள். அது காலனுக்கு 10 மைலை ஒட்டியே ஓடியது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் விலை ஏறியது. இந்தக் காரை வாங்க ஆள் குறைந்தது. கம்பெனிக்கு வேறு தொல்லைகளும் சேர்ந்தன. 1976-ல் ஜென்சன் கம்பெனி மூடப்பட்டது.

பெட்ரோல் கணக்கை வாங்குகிறவன் பார்க்காமல் விட்டால் அவன் பணம் போகும். செய்கிறவன் பார்க்காமல் விட்டால் தொழிற்சாலையே போகும்.

இளைத்தவன் சாதித்தான்

வேகமும் வேண்டும், சிக்கனமும் வேண்டும் என்றால் முடியாதா? முடியும் என்று காட்டிய கார் லோட்டஸ் எலீட்.

இது 1957-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது. உடல் முழுவதும் கண்ணாடி நாரால் ஆனது. எடை ஏறக்குறைய 500 கிலோதான். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்படி வழுவழுப்பாகச் செய்திருந்தார்கள். என்ஜின் வெறும் 1,216 சி.சி. அந்த என்ஜினின் பூர்வீகம் என்ன தெரியுமா? தீயணைக்கும் பம்பு!

பிரான்சில் லே மான் என்ற இடத்தில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் நடக்கிறது. அங்கே முதலில் வருகிறவருக்கு மட்டும் அன்று பரிசு கொடுக்கவில்லை. காரின் எடை, வேகம், அது செலவழித்த எண்ணெய் ஆகியவற்றைக் கணக்கிட்டு, சிக்கனமாக ஓடிய காருக்கும் ஒரு பரிசு கொடுத்தார்கள். எலீட் கார் அந்தப் பரிசை இரண்டு முறை வென்றது.

பந்தயத்தில் சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். எண்ணெய் நிரப்ப நிற்கும் ஒவ்வொரு முறையும் நேரம் போகிறது. குறைவாகக் குடிக்கும் கார் குறைவாக நிற்கும். பந்தய ஓட்டக்காரனுக்கும் பெட்ரோல் கணக்கு வேண்டும்!

ஒரே கார், இரண்டு கணக்கு

இனி, எண்கள் நம்மை எப்படி ஏமாற்றுகின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, காலன். இங்கிலாந்தின் காலன் 4.546 லிட்டர். அமெரிக்காவின் காலன் 3.785 லிட்டர்தான். இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போயின. லண்டனில் காலனுக்கு 25 மைல் கொடுத்த கார், கப்பல் ஏறி நியூயார்க்கில் இறங்கியதும் 21 மைல்கூடக் கொடுக்காது. கார் கெட்டுப்போகவில்லை. படி மாறிவிட்டது.

இரண்டாவது, ஓட்டும் விதம். ஒரே சீரான வேகத்தில், மேடு பள்ளம் இல்லாத சாலையில், மணிக்கு 40 மைலில் ஓட்டினால் ஒரு கணக்கு வரும். கடைத் தெருவில் நின்று நின்று போனால் வேறு கணக்கு வரும். விளம்பரத்தில் எதைப் போடுவார்கள்? பெரிய எண்ணைத்தான்.

அமெரிக்காவில் 1936 முதல் 1960-களின் இறுதி வரை எண்ணெய்ச் சிக்கனப் பந்தயங்கள் நடந்தன. யார் குறைந்த பெட்ரோலில் அதிகத் தூரம் போவது என்பதே போட்டி. தேர்ந்த ஓட்டுநர்கள் ஓட்டினார்கள். பிரேக்கைத் தொடாமல், வெகு முன்னாலேயே காலை எடுத்துவிடுவார்கள். மிதி பலகையை முட்டையை மிதிப்பது போல மிதிப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்த மைல், நம் வீட்டுக் காருக்குக் கிடைக்காது. ஆனால், காரை மாற்றாமல் காலை மாற்றினாலே எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் காட்டினார்கள்.

மூன்றாவது, தூரம் காட்டும் மீட்டர். பழைய கார்களில் இது பெரிய வில்லங்கம். சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரத்தைச் சொல்கிறது. அளவு மாறிய டயரைப் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். 100 மைல் போன காரில் மீட்டர் 105 காட்டினால், உட்கார்ந்த இடத்தில் 5 மைல் இலாபம்! மீட்டரில் மட்டும்தான் இலாபம். பையில் இல்லை.

காற்று என்னும் சுவர்

வேகமாகப் போனால் பெட்ரோல் ஏன் அதிகம் செலவாகிறது?

சைக்கிளில் எதிர்க்காற்றில் போனவர்களுக்கு இது தெரியும். கார் ஓடும்போது காற்று அதைத் தடுக்கிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் தடை நான்கு மடங்கு ஆகிறது. 30 மைல் வேகத்தில் மெல்லிய திரையாக இருந்த காற்று, 60 மைலில் சுவராக நிற்கிறது. கூரையைத் திறந்துவிட்டால் இருக்கைக்குள் காற்று புகுந்து சுழலும். தடை இன்னும் கூடும்.

1974-ல் அமெரிக்க அரசாங்கம், நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் செய்தது. எண்ணெயை மிச்சப்படுத்தவே அந்தச் சட்டம் வந்தது.

அடுப்பும் கார்புரேட்டரும்

அந்தக் காலக் கார்களில் கம்ப்யூட்டர் கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது.

மண்ணெண்ணெய் அடுப்பை நினைத்துப் பாருங்கள். காற்றும் எண்ணெயும் சரியாகச் சேர்ந்தால் நீலச் சுடர் வரும். எண்ணெய் மிஞ்சினால் மஞ்சள் சுடர் வரும். புகை வரும். பாத்திரம் கரியாகும். கார்புரேட்டரும் அப்படித்தான். பெட்ரோல் மிஞ்சினால் புகைக் குழாய் கறுக்கும். பிளக்கில் கரி படியும். பணம் புகையாகப் போகும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இரண்டு கார்புரேட்டர்கள் இருக்கும். ஈ-டைப் காரில் மூன்று. மூன்றும் ஒரே அளவில் மூச்சு விட வேண்டும். ஒன்று பிசகினாலும் கணக்கு கெடும்.

குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுத்த "சோக்" குமிழைத் திரும்பத் தள்ள மறந்தால் நஷ்டம். டயரில் காற்று குறைந்தால் நஷ்டம். பிரேக் முழுவதும் விடாமல் உரசிக்கொண்டிருந்தால் நஷ்டம். இவை எல்லாம் சின்ன விஷயங்கள். சேர்ந்தால், காலனுக்குப் பல மைல்கள் போய்விடும்.

பழைய கார் ஒன்று அதிகமாகக் குடிக்கிறது என்றால், அது பிறவிக் குணமா, கவனிக்காததால் வந்த நோயா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது பெட்ரோலும் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல், 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரணப் பெட்ரோலாக ஆகிவிட்டது. இந்தியாவில் 2025-ல் 20 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலப்பு கூடினால், லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் சற்றுக் குறையும். பழைய கார்களின் இரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும். அதனால் பழைய காருக்கு 5 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலக்காத பெட்ரோலைப் போடும்படி இங்கிலாந்து அரசாங்கமே சொல்கிறது.

பங்கீடு கற்றுக் கொடுத்தது

கணக்குப் பார்க்கும் பழக்கம் மக்களுக்கு எப்போது வருகிறது? தட்டுப்பாடு வரும்போது.

1956-ல் சூயஸ் கால்வாய் சண்டை வந்தது. கால்வாய் அடைபட்டது. எண்ணெய்க் கப்பல்கள் வர முடியவில்லை. இங்கிலாந்தில் அந்த ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி பெட்ரோல் பங்கீடு தொடங்கியது. 1957 மே 14-ந் தேதி வரை அது நீடித்தது. சொந்தக் கார் வைத்திருந்தவர்களுக்கு, மாதம் ஏறக்குறைய 200 மைல் ஓட்டும் அளவுக்கே கூப்பன் கிடைத்தது.

காலனுக்கு 15 மைல் கொடுத்த பெரிய கார்களை விற்க முடியவில்லை. சின்னக் கார்களுக்குக் கிராக்கி வந்தது. அந்த நெருக்கடியில்தான் அலெக் இசிகோனிஸ் என்ற எஞ்சினீயர் "மினி" காரைத் திட்டமிட்டார். அது 1959-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

புதிய கார் யோக்கியமா?

"பழைய கார் கதை போகட்டும். புதிய காரில் எல்லாம் சரியாகச் சொல்கிறார்களே" என்று சிலர் சொல்லலாம்.

அப்படி இல்லை.

அமெரிக்க அரசாங்கம் 1970-களில் ஒவ்வொரு காருக்கும் மைல் கணக்கைச் சோதித்துச் சொல்லத் தொடங்கியது. சாலையில் அந்தக் கணக்கு கிடைக்கவில்லை என்று மக்கள் குறை சொன்னார்கள். அரசாங்கம் செவி சாய்த்தது. 1985 மாடல் கார்கள் முதல், நகரக் கணக்கில் 10 சதவீதத்தையும் நெடுஞ்சாலைக் கணக்கில் 22 சதவீதத்தையும் குறைத்தே அறிவித்தது.

ஐரோப்பாவில் 2017-ல் புதிய சோதனை முறை வந்தது. 2021 முதல், செலவாகும் எண்ணெயைக் காரே குறித்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அப்படிக் குறித்த கணக்குகளைச் சேர்த்து, ஐரோப்பிய ஆணையம் 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள், கம்பெனி சொன்னதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன என்று அதில் தெரிந்தது. மின்சாரம் ஏற்றியும் பெட்ரோல் போட்டும் ஓடும் இரட்டைக் கார்களில், சொன்னதைப்போல் சராசரி மூன்றரை மடங்கு புகை வெளிவந்தது!

புதிய காரின் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் அன்றும் கறிக்கு உதவவில்லை. இன்றும் உதவவில்லை.

நீங்களே அளக்கலாம்

உண்மைக் கணக்கு வேண்டுமா? அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும்.

பம்பு தானாக நிற்கும் இடம் வரை டாங்கை நிரப்புங்கள். மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல் ஓட்டுங்கள். கணக்குக்காக மெதுவாக ஓட்டினால், உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள்.

டாங்க் பெரும்பாலும் காலியானதும், அதே பம்பில், அதே அளவுக்கு நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதுங்கள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுங்கள்.

ஓர் உதாரணம்: முதலில் மீட்டர் 12,000. பிறகு 12,260. ஓடிய தூரம் 260 கிலோமீட்டர். பிடித்த பெட்ரோல் 26 லிட்டர். ஆகவே, லிட்டருக்கு 10 கிலோமீட்டர்.

ஒரு முறை செய்தால் போதாது. நான்கைந்து முறை செய்து சராசரி பாருங்கள். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து, மீட்டர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்த நோட்டு இன்னொரு வேலையும் செய்யும். சென்ற மாதம் 10, இந்த மாதம் 8 என்று இருந்தால், வண்டிக்கு ஏதோ நோய் வந்துவிட்டது. வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே நோட்டு சொல்லிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல இது.

செய்ய வேண்டியது என்ன?

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் "பெட்ரோல் குடிக்கும் பூதங்கள்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயம் அல்ல. ஜாகுவார் அதிகம் குடித்தது. உண்மைதான். டிரையம்பும் லோட்டசும் குறைவாகக் குடித்தன. அதுவும் உண்மை. வயதைப் பார்த்தும் உருவத்தைப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கார் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த எண்ணை, நெருக்கடியான சாலையில் ஓட்டப் போகிறவரிடம் அப்படியே காட்டி விற்கக் கூடாது. சாலையில் கிடைக்கும் கணக்கையும் பக்கத்தில் போட வேண்டும். அதைப் போடும்படி அரசாங்கம் கட்டளையிட வேண்டும். அரிசிக் கடையில் படி குறைந்தால் தண்டனை உண்டு. பெட்ரோல் பம்பில் அளவு குறைந்தாலும் தண்டனை உண்டு. மைல் கணக்கில் குறைந்தால் மட்டும் ஏன் கேள்வி இல்லை?

அமெரிக்க அரசாங்கம் கணக்கைத் திருத்தியது, மக்கள் குறை சொன்ன பிறகுதான். குறை சொல்ல, கையில் கணக்கு இருக்க வேண்டும். "என் வண்டி 18 கொடுக்கும் என்றார்கள், 14-தான் கொடுக்கிறது, இதோ ஆறு மாத நோட்டு" என்று ஆயிரம் பேர் நீட்டினால், எந்தக் கம்பெனியும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். நாம் டாங்கில் போடுவது, வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம். அதை அளக்காமல் போடலாமா?